எழுபத்திரண்டு மணி நேரம்

கடந்த எழுபத்திரண்டு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள்?
படிவத்தின் நான்காம் கேள்வி இது.
காஸ்த்ரோ சுகாதார அலுவலகத்தில்,
கோடையிலும் விடாத மழை தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருக்க,
ஒரு நாளைக்கு இருபது முறை கேட்கிறேன்.

யாருக்கும் நினைவிருப்பதில்லை.
பழைய சண்டை நினைவிருக்கிறது, கடன் பாக்கி நினைவிருக்கிறது.
செவ்வாய் மதியம் தட்டில் என்ன இருந்ததென்று
வயிற்றுக்கு மட்டுமே தெரியும்.
அது தன் பாஷையில் சொல்லியும் விட்டது.

முதலில் நோரோ வைரஸ் என்றே நினைத்தோம்.
கதவுக் குமிழில் ஏறி, கை குலுக்கலில் இறங்கி,
ஒரே ராத்திரியில் ஒரு தெருவையே
கழிப்பறை வாசலில் வரிசையாக நிறுத்திவிடும் அது.
சிப்பிகள்மேலும் சந்தேகம். கடல் வெதுவெதுப்பான மாதம்,
விப்ரியோவாக இருக்கலாம்.
ஆனால் காய்ச்சல் நாலாம் நாளும் இறங்கவில்லை.
புவெர்த்தோ மோந்த் ஆய்வகத்திலிருந்து
இங்கிரிட் படம் அனுப்பினாள்:
சிவப்பு ஜெல்லித் தட்டில்
நடுவில் கறுத்த குட்டிக் குட்டி வட்டங்கள்,
தூங்காத கண்கள் மாதிரி.
சால்மோனெல்லா.

பதினான்கு பேர்.
படகோட்டி நொல்பெர்த்தோ: ரொட்டி, தேநீர்.
ஆசிரியை மிர்த்தா: பெரிதாக ஒன்றுமில்லை, ரொட்டிதான்.
சலைன் ஏறும் கையோடு ஒன்பது வயதுப் பையன்,
அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு: மறந்துபோச்சு.
ஊரே மூன்று நாள்
ரொட்டியிலும் தேநீரிலும் காலம் தள்ளியிருக்கிறது!
பயத்தில் சொல்லும் பொய் எனக்குத் தெரியும்.
இது வேறு.
யாரையோ நடுவில் விட்டு
சுற்றி நின்று மறைக்கிற பொய்.

ஐந்தாம் கேள்வி: ஏதேனும் விசேஷத்துக்குப் போனீர்களா?
வெகு நேரம் கழித்து மிர்த்தா சொன்னாள்,
"விசேஷம் என்று சொல்ல முடியாது.
எர்மெலிந்தா தவறிப்போனாள்."

இரண்டு இரவு உடலருகே விழித்திருப்பார்கள்.
வந்தவர்க்கெல்லாம் சாப்பாடு;
பசியோடு யாரும் அழக் கூடாது அந்த வீட்டில்.
ஆட்டுக்கறியை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டார்கள்.
உருளைக்கிழங்குக்கு மயோனைஸ் மட்டும்
நான் செய்கிறேன் என்றாராம் ருதெசிந்தோ.
நாற்பத்தோரு வருடம் அவள் அடிப்பதை
நின்று பார்த்தவர், கரண்டி தொடாதவர்.
இரண்டு டஜன் முட்டை, பச்சையாக,
எண்ணெய் சொட்டுச் சொட்டாக.
திரியவே இல்லையாம்.
அவளுடையது போலவே இருக்கிறதென்று
எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்களாம்.

பதினைந்தாம் படிவம். தொலைபேசியில் அவர்.
அவருக்கு ஒன்றும் இல்லை. அவர் சாப்பிடவில்லை.
"கிண்ணம் எங்கே இருந்தது?"
"அடுப்புப் பக்கம். வீட்டில் குளிர்ச்சியான இடம் சன்னல் ஓரம்தான்.
அங்கே அவளைக் கிடத்தியிருந்தோம்."
எத்தனை மணி நேரம் என்ற கட்டத்தில்
என் பேனா நின்றது.
"என்னாலா?" என்றார்.

இதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
சொன்னேன்: சில கோழிகளின் சினைப்பையிலேயே அது குடியிருக்கும்.
ஓடு மூடுவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடும்.
எத்தனை கழுவினாலும் போகாது.
கோழிக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அது உண்மை.
அடுப்பின் கதகதப்பில் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி
விடியும்வரை பெருகியது என்பதும் உண்மை.
அதை அறிக்கையில் எழுதினேன்.

"பையன்?"
"நேற்று எழுந்து உட்கார்ந்தான். சூப் கேட்டானாம்."
"கோழிகளை என்ன செய்வது? ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறாள்."
"சோதனை முடியட்டும். அதுவரை
மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்தே சாப்பிடுங்கள்."

கொஞ்ச நேரம் மழை மட்டும், இரு பக்கமும்.

"எத்தனை நிமிடம்?" என்றார்.
"கொதித்த பிறகு பத்து."
"இருங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.
இழுப்பறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது.
பென்சில் எதில் இருக்கிறதென்று
அவருக்குத் தெரியவில்லை.